எதிர்வீட்டு விளக்கு

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையை ஒட்டிய ஒரு சிறிய சபை. தகரக் கூரை போட்ட கூடம், மே மாத வெயில். விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாள். நாற்பது பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மெழுகுவத்தி, மெழுகு சொட்டிச் சுடாமலிருக்க ஓர் அட்டைத் துண்டு. பாடம் நடத்திய அக்கா முதலில் ஒரு விதி சொன்னார். எரிகிற வத்தியை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும், எரியாத வத்திதான் சாய வேண்டும். மாற்றிச் செய்தால் உருகிய மெழுகு பக்கத்துப் பிள்ளையின் கையில் விழும். மின்விசிறியை நிறுத்தினார்கள். ஒரு வத்தியிலிருந்து நாற்பதும் எரிந்தன. வேர்வை வழிந்தும் ஒரு பிள்ளையும் அசையவில்லை.

"குடுத்ததால மொத வத்தியில வெளிச்சம் கொறஞ்சுதா?"

"இல்லக்கா!"

"அப்ப நீங்க என்ன செய்யணும்?"

"மத்தவங்களுக்குக் குடுக்கணும்!"

அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு சின்னக் குரல் கேட்டது. "எங்க எதிர்வூட்டு நயினார் தாத்தா தெனமும் வெளக்கு ஏத்தறாருக்கா. அவருக்கும் குடுக்கணுமா?"

"அவருக்காக ஜெபம் பண்ணணும்பா" என்று அக்கா சிரித்தார். பாட்டு தொடங்கிவிட்டது. நானும் ஒரு காலத்தில் இப்படி வகுப்பு எடுத்தவன்தான். அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது.

இந்தப் பக்கத்தில் நயினார் என்றால் தமிழ்ச் சமணர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கும் மேல்சித்தாமூர்தான் அவர்களுக்குத் தலைமைப் பீடம். ஜினகாஞ்சி மடம் அங்கே இருக்கிறது. மடத்தின் தலைவர்கள் லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப்பெயரோடு வழிவழியாக வருகிறார்கள். பெரிய கோபுரத்தோடு பார்சுவநாதர் கோயில் இருக்கிறது. மல்லிநாதர் கோயிலில் பாகுபலியும் பார்சுவநாதரும் அம்பிகையும் பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கிறார்கள், 9ஆம் நூற்றாண்டு வேலை. புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் தமிழில் அச்சேறி முடிந்தது 1715இல். அதற்கு எண்ணூறு ஆண்டு முன்பே இந்த ஊரில் விளக்கேற்றிக் கும்பிட ஆள் இருந்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பிள்ளை குறும்புக்குக் கேட்கவில்லை. கண்ணால் பார்த்ததைக் கேட்டது.

தேவனுடைய வெளிச்சத்தைப் பிறரோடு பகிர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது நம் சபைகளின் நல்ல பாடங்களில் ஒன்று. ஆனால் அதில் பாதிதான் நடத்தப்படுகிறது. கொடுக்கக் கற்றுத்தருகிறோம், வாங்கக் கற்றுத்தருவதில்லை. இந்தப் பாடத்தின் பலமும் பலவீனமும் இங்கேதான் பிரிகின்றன என்று நினைக்கிறேன்.

பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஞாயிறு பள்ளி பிறந்ததே பகிர்விலிருந்துதான். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் அதைத் தொடங்கியபோது, வந்தவர்கள் வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகள். அவர்களுக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாளில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வெளிச்சம் என்ற சொல்லுக்கு அங்கே எழுத்து என்று பொருள். நம் ஊரில் 'ஓய்வுநாள் பாடசாலை' என்று பழைய சபையார் இன்றும் சொல்வதில் அந்தத் தொடக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேடையில் நின்று நடுங்காமல் நாலு வரி பேச முதன்முதலில் எங்கே பழகினாய் என்று கேட்டால், எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளில் பலர் ஞாயிறு பள்ளியைத்தான் காட்டுவார்கள்.

இரண்டாவது, முறை. கைகால் அசைத்துப் பாடும் பாட்டு, மனப்பாட வசனம், கைவேலை, கடைசியில் சுண்டலோ பிஸ்கட்டோ. பிள்ளை காதால் மட்டும் கற்பதில்லை, உடம்பால் கற்கிறது. மெழுகுவத்திப் பாடத்தை எந்தக் கணக்கு வாத்தியாரும் மறுக்க முடியாது. கொடுத்தால் குறையும் என்று கழித்தல் கணக்கில் படித்த பிள்ளைக்கு, கொடுத்தும் குறையாத ஒன்று உண்டு என்று கண்ணெதிரே காட்டுவது பெரிய காரியம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளை எங்கும் வாங்கும் இடத்தில்தான் இருக்கிறது. வீட்டில் சோறு, பள்ளியில் மதிப்பெண், திட்டு, எல்லாமே பெரியவர்கள் கொடுத்து வாங்குவது. 'நீயும் கொடுக்கலாம்' என்று அதைப் பார்த்துச் சொல்லும் இடம் அபூர்வம். தென்மாவட்டச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு: உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, சேர்ந்ததும் ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். 1903இல் திருநெல்வேலியில் அசரியா போன்றவர்கள் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம்மவர் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியது. அந்தப் பிடி அரிசிப் பானையில் கைவிட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பகிர்வு என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தப் பாடத்துக்கு அடிப்படை மத்தேயு 5ஆம் அதிகாரம், மலைப்பிரசங்கம். விளக்கைக் கொளுத்தி மூடி வைக்கும் பாத்திரத்துக்குத் தமிழ் வேதாகமத்தில் இருக்கும் சொல் மரக்கால். நெல் அளந்த ஊர்க்காரர்களுக்கு அது கையில் புழங்கிய பொருள். இன்றைய பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் மரக்கால் தெரியாததைவிடப் பெரிய இழப்பு ஒன்று அந்தப் பகுதியை நடத்தும்போது நேர்கிறது. அந்த வசனங்களில் வெளிச்சம் என்பது பேச்சு இல்லை. மற்றவர்கள் காண்பது நம் நற்கிரியைகளை. கண்டு அவர்கள் மகிமைப்படுத்துவது பிதாவை. செய்கையை வெளிச்சம் என்று சொன்ன வசனத்தை வைத்துக்கொண்டு, 'எத்தனை பேருக்குச் சொன்னாய்?' என்று பிள்ளையைக் கேட்கிறோம். பலவீனம் இங்கே தொடங்குகிறது.

சொல்வதே வெளிச்சம் என்றானபின் எண்ணிக்கை வந்துவிடும். புதுப் பிள்ளையைக் கூட்டி வந்தால் பென்சில் பாக்ஸ், மூன்று பேரைக் கூட்டி வந்தால் டிபன் பாக்ஸ். நானே இப்படிப் பரிசு கொடுத்திருக்கிறேன். கூட்டி வந்தவன் பரிசோடு போனான். வந்தவன் யார், ஏன் வந்தான், மறுவாரம் ஏன் வரவில்லை என்று நான் கேட்டதில்லை. சிநேகிதன் கணக்கில் ஒரு எண்ணாகிவிட்டான். அந்தப் பிள்ளைகளின் வீட்டில் முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் கேட்டுக் கூட்டி வருவதும் பல இடங்களில் வழக்கமில்லை. பாட்டு, விளையாட்டு, சுண்டல் என்றுதான் வருகிறார்கள். அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்ப உரிமை தருகிறது. அந்த உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அரசு உதவி பெறும் பள்ளியில்கூடப் பெற்றோர் சம்மதமின்றிச் சிறுவருக்குச் சமயபோதனை கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. சபையின் கூடம் பள்ளிக்கூடம் இல்லைதான். ஆனாலும் சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் மரியாதை கட்டாயப்படுத்த வேண்டாமா? நம் பிள்ளையை இன்னொரு சமயத்தார் ஒரு தட்டு சுண்டலுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாலே போதும்.

அடுத்தது நிறம். சிறுவர் ஊழியம் செய்பவர்களுக்கு வார்த்தையில்லாப் புத்தகம் தெரியாமல் இருக்காது. எழுத்தே இல்லாமல் வண்ணத்தாள் மட்டும் கொண்ட சின்னப் புத்தகம். 1866இல் லண்டனில் போதகர் ஸ்பர்ஜன் பேசிய கருப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றோடு பின்னால் பொன்னிறமும் பச்சையும் சேர்ந்தன. கருப்புப் பக்கம் பாவம், சிவப்பு இரத்தம், வெள்ளை சுத்தமான இருதயம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரியும், மறக்காது, சாமர்த்தியமான கருவிதான். ஆனால் அது எந்த ஊரில், எந்தப் பிள்ளைகள் முன்னால் விரிகிறது என்று பார்க்க வேண்டும். ஒருமுறை அந்தப் புத்தகத்தைப் பிடித்து நின்றேன். "கருப்புன்னா என்ன?" என்றேன். "பாவம்!" என்று எல்லாரும் கத்தினார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு பெண்பிள்ளை மட்டும் கத்தவில்லை. தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் சிவப்பழகு கிரீம் விளம்பரம் சொல்வதை ஆலயத்தில் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை நான் எடுக்கவில்லை.

இருட்டு வெளியில்தான் இருக்கிறது என்று பழகிய கண்ணுக்கு உள்ளே இருப்பது தெரியாது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், ஒரே ஆலயத்தைச் சேர்ந்த வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் இடையில் நெடுநாளாக இருந்த பாகுபாட்டுப் பிரச்சினை, தலித்துகள் தனிப் பங்கு கேட்டதில் முற்றி, 2008 மார்ச்சில் மோதலாக வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஞாயிறுதோறும் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். பக்கத்துப் பெஞ்சுக்குப் போகாத வெளிச்சம் பக்கத்து ஊருக்கு எப்படிப் போகும்? இந்தக் கேள்வியை நம் பாடப் புத்தகங்கள் கேட்பதில்லை. ஊழியக்களம் எப்போதும் தூரத்தில்தான் இருக்கிறது.

திண்டிவனத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. ஐடா ஸ்கடரின் கதை. 1890களின் தொடக்கத்தில், ஆற்காடு மிஷன் மருத்துவரான தன் தகப்பனாரோடு அவர் திண்டிவனத்தில் தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி கேட்டார்கள். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா வருவார் என்றார் ஐடா. ஆண் வைத்தியர் பார்ப்பதற்கு மூவரும் ஒப்பவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை அதிலிருந்து எழுந்தது. வெளிச்சத்தைச் செய்கையாகக் காட்ட இதைவிட நல்ல கதை வேண்டாம். ஆனால் வழக்கமாக இது எப்படிச் சொல்லப்படுகிறது? மூன்று கணவர்களும் அறியாமை, ஐடா வெளிச்சம். கதையில் பெயர் இருப்பதும் ஒருத்திக்கு மட்டும்தான்.

கதையின் மீதியையும் சொன்னால் பிள்ளைகளுக்கு நன்மை. பெண் மருத்துவம் படிக்கும் கதவு அமெரிக்காவிலும் அன்று அரைகுறையாகத்தான் திறந்திருந்தது. ஐடா முதலில் சேர்ந்தது பிலடெல்பியாவில் பெண்களுக்கென்றே தனியாக இருந்த கல்லூரியில். கார்னல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே போய் 1899இல் பட்டம் பெற்றார். அப்படியென்றால் இருட்டு கடலுக்கு இந்தக் கரையில் மட்டும் இல்லை. அதைவிடவும் முக்கியம், 1918இல் அவர் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. மூன்று வீட்டுக் கதவுகளுக்கும் தான் ஒருத்தியே ஓட முடியாது என்று உணர்ந்து, இந்த நாட்டுப் பெண்கள் கையிலேயே அந்தத் தொழிலைக் கொடுத்தார். விளக்கு கைமாறியது அப்போதுதான். வாங்கியவர் கொடுப்பவராகும்வரை பகிர்வு முடிவதில்லை. நம் வகுப்புகளில் கதை பெரும்பாலும் மூன்று சாவோடும், 'நீ போவாயா?' என்ற அழைப்போடும் நின்றுவிடுகிறது.

இனி அந்த நயினார் தாத்தாவின் விளக்குக்கு வருவோம். தீபாவளியைச் சமணர்கள் மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஞான விளக்கு அணைந்துவிட்டது, மண் விளக்கையாவது ஏற்றி வைப்போம் என்று அன்று விளக்கேற்றியதாக மரபு. நாம் வெளிச்சம் வந்தது என்று ஏற்றுகிறோம், அவர்கள் வெளிச்சம் மறைந்தது என்று ஏற்றுகிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கிற ஏக்கம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றும் உண்டு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் ஒழுக்கம். இருட்டில் பூச்சி தெரியாது. விளக்கு வைத்தால் பூச்சி தேடி வந்து விழும். வெளிச்சத்தால் சாகும் உயிரும் உண்டு என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே தெரியும். நம் பிள்ளைக்கு இதை நாம் சொல்வதே இல்லை. விளக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் எதைச் சுடுகிறோம் என்றும் பார்க்க வேண்டும் என்பதை எதிர்வீட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

அவர்கள் பக்கம் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சமணர்கள் 89,265 பேர், வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்த்து. கிறிஸ்தவர்கள் 44,18,331 பேர், ஏறத்தாழ ஐம்பது மடங்கு. தமிழுக்குச் சீவகசிந்தாமணியைக் கொடுத்த சமயத்தைப் பற்றி, பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு ஒரு வரிகூடத் தெரியாமல் இருக்கிறது. அங்கே விளக்கு வீட்டுக்குள்ளேயே மரக்காலுக்கு அடியில் இருக்கிறது. நாம் கொடுக்கத் தெரிந்து வாங்கத் தெரியாதவர்கள் என்றால், அவர்கள் காக்கத் தெரிந்து கொடுக்கத் தயங்குபவர்கள். ஆனால் ஒன்று: நாமே சிறுபான்மை என்று சொல்லிக்கொள்ளும் நாம், நம்மைவிட ஐம்பதில் ஒரு பங்காக இருப்பவர்களைப் பிள்ளைகள் முன்னால் எப்படிப் பேசுகிறோம் என்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், தெரியும். எல்லா விளக்கும் ஒன்றே என்று பிள்ளைக்குச் சொன்னால் விசுவாசம் நீர்த்துப்போகாதா? எல்லாம் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சமணருக்குப் படைத்தவன் என்ற கடவுளே கிடையாது. அதை மறைத்துச் சமரசம் பேசுவது இரண்டு பக்கத்துக்கும் அவமதிப்பு. வாங்குவதால் கொடுப்பவன் குறைவதில்லை என்பதுதான் என் பேச்சு. மெழுகுவத்திப் பாடத்தின் மறுபக்கம் அது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். கற்றதோடு நிற்காமல் நம் நீதி நூல்களை ஜெர்மனில் பெயர்த்தார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் உன்னை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்ற எண்ணத்தோடு, ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் இருந்த மிஷன் தலைவர்கள் அந்த நூலை அச்சிடவில்லை. 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. அவருடைய விசுவாசம் அதனால் தேய்ந்ததாக யாரும் சொல்லவில்லை. உ.வே. சாமிநாதையர் கதையும் அப்படித்தான். சைவப் பயிற்சியில் வளர்ந்தவர், சீவகசிந்தாமணியில் புரியாத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூலைப் பதிப்பித்தார். கடைசிவரை அவர் நெற்றியில் திருநீறு இருந்தது.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். யோவான் 4ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேசியது அதற்குப் பிறகுதான். தாகத்தோடு போய்க் கேட்டவரைப் பற்றிய பாடத்தை, கொடுக்கப் போனவரின் பாடமாகவே நாம் நடத்தி வருகிறோம்.

ஆகவே பாடத்தை நிறுத்தச் சொல்லவில்லை, மீதிப் பாதியையும் நடத்தச் சொல்கிறேன். கருப்புப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். பாவத்தைப் பற்றிச் சொல்ல பொய்யும் பொறாமையும் போதும், நிறம் தேவையில்லை. பரிசு, கூட்டி வந்த எண்ணிக்கைக்கு வேண்டாம். வேறு சமயத்துப் பிள்ளை வந்தால் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய், என்ன பாடம் என்று சொல்லிச் சம்மதம் கேட்கலாம். பத்து நாள் பள்ளியில் ஒரு நாள் வீட்டுவேலையை மாற்றிக் கொடுக்கலாம்: யாருக்குச் சொன்னாய் என்று கேட்காமல், இன்று யாரிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டாய் என்று. மேல்சித்தாமூருக்கு ஒரு மாலை கூட்டிப்போகலாம். பாறைச் சிற்பத்தைக் காட்டி, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரையே பேசச் சொல்லிக் கேட்கலாம். பொழுது சாய்வதற்குள் அவரைச் சாப்பிட விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

மெழுகுவத்தி அக்கா சொன்ன விதியை மறுபடி யோசிக்கிறேன். எரிகிறது நிமிர்ந்து நிற்கும், எரியாதது சாயும். நம் பிள்ளைகளுக்கு நிமிர்ந்து பிடிக்க நன்றாகவே கற்றுக்கொடுத்துவிட்டோம். அடுத்த மே மாதம் யாராவது அந்தப் பிள்ளையின் கையில் எரியாத ஒரு வத்தியைக் கொடுத்து, "போப்பா, எதிர்வூட்டுத் தாத்தாகிட்ட கேட்டுப் பத்தவச்சிக்கினு வா" என்று அனுப்பட்டும். தெருவைக் கடந்து போய்ச் சாய்த்துப் பிடிக்கும்போது அதன் கை கொஞ்சம் நடுங்கும். திரும்பி வருகையில் காற்றுக்கு அணையாமல் இன்னொரு கையால் மறைத்துக்கொண்டு மெதுவாக நடக்கும்.